கறுத்த திரையும் நிற்காத கணக்கும்

நீலம் புயல் 2012 அக்டோபர் 31 அன்று மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அங்கிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் செய்யூர். அக்கா வீட்டில் மூன்றாம் நாள் மாலைதான் மின்சாரம் வந்தது. அக்கா ஓடிப்போய் மோட்டார் போட்டாள். எட்டாம் வகுப்பு படிக்கும் அவள் மகன் ஓடிப்போய்க் கணினியைப் போட்டான். அரை மணி நேரம் கழித்து என் முன்னால் வந்து நின்றான்.

“மாமா, உலக உருண்டை வரல. திரை கறுப்பாவே கெடக்கு. புயல்ல மிஷின் அடி வாங்கிடுச்சா?”

அவன் சொன்ன உருண்டை ஒரு ஸ்கிரீன்சேவர். யாரும் கணினியைத் தொடாமல் சில நிமிடம் விட்டால், நீலமும் பச்சையுமாக ஒரு பூமி திரையில் சுற்றத் தொடங்கும். அதன்மேல் மேகம் நகரும், மழை பெய்யும். அந்தப் படத்துக்குப் பின்னால், உலகத்தின் காலநிலையைக் கணிக்கும் நிரல் ஒன்று அந்த வீட்டுக் கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. கணிப்பைக் கேட்டவர்கள் வெளிநாட்டு விஞ்ஞானிகள். கணினியையும் மின்சாரத்தையும் கொடுத்தது செய்யூர் வீடு. இப்படி வீட்டுக் கணினிகளின் ஓய்வு நேரத்தை அறிவியலுக்குக் கொடுப்பதற்குத் தன்னார்வக் கணிமை என்று பெயர்.

மேசைக்கு அடியில் இருந்த பெட்டியின் மேல் கை வைத்தேன். சூடாக இருந்தது. விசிறி முழு வேகத்தில் சுற்றியது. அக்கா கூடத்திலிருந்து கேட்டாள்: “படமும் தெரியல, ஃபேனும் இப்படி ஓடுது. கரண்ட்டு சும்மாவே போவுதா?”

பையன் கேட்டது, உயிர் இருக்கிறதா என்று. அக்கா கேட்டது, பயன் இருக்கிறதா என்று. இந்த அத்தியாயம் அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடிய கதை.

சும்மா கிடக்கும் நேரம்

ஸ்கிரீன்சேவர் ஏன் வந்தது என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. பழைய பெட்டி மானிட்டர்களின் கண்ணாடிக்கு உட்புறம் ஒளிரும் பூச்சு ஒன்று இருக்கும். ஒரே படம் மணிக்கணக்கில் அசையாமல் நின்றால், அந்த இடத்துப் பூச்சு மட்டும் தேய்ந்து, படத்தின் நிழல் நிரந்தரமாகத் தங்கிவிடும். அதைத் தவிர்க்கத்தான் ஆள் இல்லாத நேரத்தில் அசையும் படத்தை ஓடவிட்டார்கள்.

ஆள் இல்லாத நேரம் என்றால், கணினிக்குள் கணக்குப் போடும் சிபியு சும்மா கிடக்கும் நேரம். அந்த நேரத்தைக் கேட்டு வாங்கினால் என்ன என்று கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்தவர்கள் யோசித்தார்கள். 1999 மே 17 அன்று 'செட்டி@ஹோம்' வெளிவந்தது. போர்ட்டோ ரிக்கோவில் இருந்த 305 மீட்டர் விட்டமுள்ள அரசிபோ ரேடியோ தொலைநோக்கியின் பதிவுகளை, சுமார் 107 விநாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி உலகம் முழுவதும் வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 350 கிலோபைட். வேற்றுக் கிரகத்தார் அனுப்பிய சமிக்ஞை ஏதாவது அதில் ஒளிந்திருக்கிறதா என்று ஸ்கிரீன்சேவர் தேடும். 50 லட்சத்துக்கும் அதிகமானோர் சேர்ந்தார்கள். வீட்டுக் கணினி தப்பாகக் கணக்குப் போட்டுவிடக்கூடும் என்பதால் ஒரே துண்டைப் பல கணினிகளுக்குக் கொடுத்து, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கும் வழக்கமும் அங்கே வேரூன்றியது.

அதில் கற்ற பாடங்களைக் கொண்டு டேவிட் ஆண்டர்சன் தலைமையில் 2002-இல் 'பாயிங்க்' என்ற பொது மேடையை உருவாக்கத் தொடங்கினார்கள். மேடை ஒன்று, அதன்மேல் எந்த அறிவியல் திட்டமும் ஏறலாம். காலநிலைக்கென்று ஒரு திட்டத்தை ஆக்ஸ்ஃபோர்டின் மைல்ஸ் ஆலன் 1999-லேயே முன்மொழிந்திருந்தார். அது 'கிளைமேட்பிரடிக்‌ஷன்.நெட்' என்ற பெயரில் 2003 செப்டம்பரில் தொடங்கி, பிறகு பாயிங்க் மேடைக்கு வந்தது. செய்யூர் வீட்டில் ஓடியதும் இந்தத் திட்டம்தான். 2005 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் அதன் முதல் பெரிய முடிவு வெளியானது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்ற கேள்விக்கு, வீட்டுக் கணினிகளில் ஓடிய ஆயிரக்கணக்கான மாதிரிகள் 2 டிகிரிக்குக் கீழிருந்து 11 டிகிரிக்கு மேல் வரை விடை தந்தன. நமக்குத் தெரியாதது எவ்வளவு அகலம் என்பதை அளந்து காட்டிய முடிவு அது. ஒரே ஒரு சூப்பர் கணினியை வைத்துக்கொண்டு அதே மாதிரியை அத்தனை முறை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க அப்போது யாராலும் இயலவில்லை.

காகிதத்தில் நான்கு வரி

கணினியில் ஏதாவது நின்றுபோனால் கை முதலில் மறுதொடக்கப் பொத்தானுக்குத்தான் போகும். பையனின் கையும் போனது. தடுத்தேன். அணைத்துப் போட்டால் ஒருவேளை சரியாகிவிடும். ஆனால் எதனால் கெட்டது என்ற தடயமும் அதோடு போய்விடும். வழு என்னும் மென்பொருள் பிழை, அடையாளம் விட்டுச் செல்லும் பிராணி. கால்தடத்தைப் பார்த்த பிறகுதான் தரையைப் பெருக்க வேண்டும்.

முதல் சோதனை: கணக்கு ஓடுகிறதா? சுட்டியை அசைத்ததும் திரை வந்துவிட்டது. பாயிங்க் மேலாளரைத் திறந்தால், நடந்துகொண்டிருக்கும் வேலையின் பெயரும் முடிந்த விழுக்காடும் தெரியும். பையனின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னேன்.

“7.10 — 41.302.”

பத்து நிமிடம் காத்திருந்தோம். பத்து நிமிடம் ஒன்றுமே செய்யாமல் உட்காருவது அந்த வயதில் எளிதல்ல. மறுபடி பார்த்தான்.

“7.20 — 41.371.”

“நகருது மாமா!” என்றான். ஆம். பத்து நிமிடத்தில் 0.069 விழுக்காடு. அவனே வகுத்துப் பார்த்து, முழு வேலையும் முடிய ஏறத்தாழ 240 மணி நேரம் ஆகும் என்று சொன்னான். கணக்கு உயிரோடு இருந்தது. கெட்டிருந்தது படம் மட்டும்.

இரண்டாவது சோதனை: திரையைக் கறுப்பாக்குவது யார்? மானிட்டர் தானாகத் தூங்கினாலும் திரை கறுக்கும். நிரல் கறுப்பு வண்ணத்தைப் பூசினாலும் கறுக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல மானிட்டரின் ஓரத்தில் இருக்கும் சின்ன விளக்கு போதும். அந்த மானிட்டரில் தூங்கினால் விளக்கு ஆரஞ்சாக மாறும், விழித்திருந்தால் பச்சை. மறுபடி கணினியைத் தொடாமல் விட்டோம். இந்த முறை பையனை நகரவிடாமல் முதலிலிருந்தே பார்க்க வைத்தேன். மூன்று நிமிடம் ஆனதும் ஸ்கிரீன்சேவர் வந்தது. உருண்டை வரவில்லை. பாயிங்க்கின் சின்னம் மட்டும், 'படம் காட்ட இயலவில்லை' என்ற பொருளில் ஒரு வரியோடு, திரையில் மிதந்தது. சற்று நேரத்தில் அதுவும் மறைந்து எல்லாம் கறுத்தது. விளக்கு பச்சையாகவே எரிந்தது.

இதுதான் பெரிய துப்பு. அந்த மென்பொருளில், இத்தனை நிமிடத்துக்குப் பிறகு திரையை வெறுமையாக்கு என்று ஓர் அமைப்பு உண்டு. அவன் தாமதமாக வந்து கறுப்பை மட்டும் பார்த்திருக்கிறான். மென்பொருள் தன் கோளாறைத் தானே எழுதிக் காட்டிய அந்த வரி அவன் கண்ணில் படவே இல்லை. அறிகுறியை நடுவில் வந்து பார்த்தால் நோய் வேறாகத் தெரியும்.

மூன்றாவது சோதனை: ஸ்கிரீன்சேவர் இல்லாமல் படம் வருமா? மேலாளரில் 'படத்தைக் காட்டு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினோம். ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் பழுது ஸ்கிரீன்சேவரில். வராததால் பழுது அதற்கும் பின்னால். வேறொரு திட்டத்தின் வேலையைச் சேர்த்து அதன் படத்தையும் கேட்டுப் பார்த்தோம். அதுவும் வரவில்லை. ஆக, எந்த ஒரு திட்டத்தின் படநிரலும் குற்றவாளி அல்ல. எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான ஏதோ ஒன்று வழியை மறித்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினோம். இரண்டை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

மடப்பள்ளிக் கதவு

கடைசியாக லாக் என்னும் பதிவேட்டைத் திறந்தோம். மென்பொருள் தொடங்கும்போது தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் வரிகள் அதில் இருக்கும். எந்தப் பயனர் கணக்கின் கீழ் ஓடுகிறோம் என்று ஒரு வரி. அங்கே பையனின் பெயர் இல்லை. 'பாயிங்க்_மாஸ்டர்' என்று இருந்தது.

அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. மூன்று வாரத்துக்கு முன் நான்தான் அந்தக் கணினியில் விண்டோஸ் எக்ஸ்பியை எடுத்துவிட்டு விண்டோஸ் 7 போட்டேன். பாயிங்க்கை மறுபடி நிறுவும்போது, முன்பு எக்ஸ்பியில் செய்தது போலவே 'சேவையாக நிறுவு' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அப்படி நிறுவினால், யாரும் உள்நுழையாவிட்டாலும் கணக்கு ஓடும். தனிக் கணக்கில் ஓடுவதால் வீட்டுக் கோப்புகளைத் தொடவும் முடியாது. நல்ல ஏற்பாடு. எக்ஸ்பியில் உருண்டையும் சேர்ந்து சுற்றியது. அதன் பிறகு ஆயுத பூஜை, பள்ளித் தேர்வு, புயல் என்று வந்ததால் பையன் திரை முன் நிம்மதியாக உட்காரவே இல்லை. உட்கார்ந்த முதல் நாள் புயலுக்குப் பிந்தைய நாள்களில் ஒன்றாக அமைந்ததால், பழி புயல்மேல் விழுந்தது.

அதே டிக், அதே மென்பொருள். பிறகு ஏன் படம் நின்றது? விண்டோஸ் விஸ்டாவிலிருந்து நடந்த மாற்றம்தான் காரணம். அதற்கு முன், பின்னணியில் ஓடும் சேவைகளும் முதலில் உள்நுழையும் மனிதரும் 'அமர்வு 0' என்ற ஒரே அறையில் இருந்தார்கள். சேவைகளுக்கு அதிகாரம் அதிகம். திரையில் தோன்றும் அவற்றின் சாளரங்களுக்குத் தீய நிரல்கள் செய்தி அனுப்பி, அந்த அதிகாரத்தைத் தட்டிப் பறிக்க வழி இருந்தது. அதனால் விஸ்டாவில் அறையைப் பிரித்துவிட்டார்கள். அமர்வு 0 சேவைகளுக்கு மட்டும். மனிதர்களுக்கு அமர்வு 1, 2 என்று வேறு அறைகள். சேவை அறையில் வரையும் படம் மனிதரின் திரைக்கு வராது.

பையனுக்கு ஊர்க் கந்தசாமி கோயிலை வைத்து விளக்கினேன். மடப்பள்ளியில் பிரசாதம் தயாராகிறது. மண்டபத்தில் நாம் நிற்கிறோம். முன்பெல்லாம் நடுவில் கதவில்லை. எட்டிப் பார்த்தால் அடுப்பு தெரியும். கண்டவரும் உள்ளே நுழைகிறார்கள் என்று கதவு போட்டுவிட்டார்கள். பொங்கல் வேகாமல் இல்லை. நமக்கு அடுப்பு தெரியவில்லை, அவ்வளவுதான்.

தரவுக் கோப்புறையைப் பென்டிரைவில் நகலெடுத்து வைத்துக்கொண்டோம். பாயிங்க்கை நீக்கிவிட்டு, அந்த டிக் இல்லாமல் மறுபடி நிறுவினோம். மென்பொருளை நீக்கினாலும் தரவுக் கோப்புறை அழிவதில்லை; அதுவரை போட்ட கணக்கு அதற்குள் பத்திரமாக இருக்கும். குறிப்பிட்ட இடைவெளிகளில் நிரல் தன் நிலையை வட்டில் எழுதிவைத்துக்கொண்டே போவதுதான் அதற்குக் காரணம். 2012-இல் தமிழ்நாடு பட்ட மின்வெட்டில் வீட்டுக் கணினியில் நீண்ட கணக்கு எதுவும் முடிந்ததென்றால், இந்த ஏற்பாடு ஒன்றால்தான் முடிந்தது. நோட்டில் மூன்றாவது வரி: “8.45 — 41.66.” விட்ட இடத்துக்குச் சற்று முன்னாலிருந்து கணக்கு தொடர்ந்தது. மூன்று நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். உருண்டை வந்தது. “9.05 — உருண்டை” என்று நான்காவது வரியை அவனே எழுதினான்.

படம் கணக்கைக் கொன்ற காலம்

இதே கறுப்புத் திரை, அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் நான் இவ்வளவு நிதானமாக இருந்திருக்க மாட்டேன். பாயிங்க்கின் பழைய பதிப்புகளில் படம் வரைவதும் கணக்குப் போடுவதும் ஒரே நிரலுக்குள், ஒரே நினைவக வெளியில் நடந்தன. சமைப்பவரே மண்டபத்துக்கு வந்து பரிமாறியது போல. திரை அட்டையின் டிரைவரில் கோளாறு வந்து வரையும் பகுதி இடறி விழுந்தால், கணக்கும் சேர்ந்து விழுந்தது. வாரக்கணக்கில் ஓடும் காலநிலை மாதிரிக்கு அது பேரிழப்பு. அந்த நாளில் அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொன்ன முதல் அறிவுரை, ஸ்கிரீன்சேவரை அணைத்து வை என்பதுதான்.

2008-இல் வந்த 6-ஆம் பதிப்பில் இரண்டையும் தனித்தனி நிரல்களாகப் பிரித்தார்கள். கணக்கு நிரல் தான் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பகிர்நினைவகம் என்ற பொதுப் பலகையில் எழுதும். பட நிரல் அதைப் படித்து வரையும். எழுதிய நேரமும் பலகையில் இருக்கும். அது வெகுநேரம் மாறாவிட்டால் கணக்கு நின்றிருக்கிறது என்று பட நிரல் புரிந்துகொள்ளும். பட நிரல் செத்தால் சாகட்டும், பலகையில் எழுதுபவருக்கு ஒன்றும் ஆகாது.

செய்யூரில் நாங்கள் காகிதத்தில் செய்ததும் அந்தப் பொறியாளர்கள் மென்பொருளில் செய்ததும் ஒன்றே. தெரிவதையும் நடப்பதையும் பிரித்து நிறுத்தினால் பழுது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பழுது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவவும் முடியாது.

அப்படியானால் படம் எதற்கு?

படமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். புரதங்கள் எப்படி மடிகின்றன என்று கணிக்கும் 'ரொசெட்டா@ஹோம்' திட்டத்தை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பேக்கர் குழு நடத்தியது. அதன் ஸ்கிரீன்சேவரில் புரதச் சங்கிலி முறுக்கிக்கொண்டு வடிவம் தேடும். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பொறுமையிழந்தார்கள். கணினி தப்பான பக்கம் திருப்புகிறது, என்னிடம் விட்டால் நானே மடித்துவிடுவேன் என்று எழுதினார்கள். அதிலிருந்து 2008-இல் 'ஃபோல்டிட்' என்ற விளையாட்டு பிறந்தது. பத்தாண்டுக்கு மேலாக விஞ்ஞானிகளுக்குப் பிடிபடாத, குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோய் தரும் வைரஸ் ஒன்றின் நொதி வடிவத்தை, அதன் ஆட்டக்காரர்கள் 2011-இல் மூன்றே வாரத்தில் கண்டுபிடிக்க உதவினார்கள். பேக்கர் 2024-இல் வேதியியல் நோபல் பெற்றவர்களில் ஒருவர். அலங்காரம் என்று நினைத்த படம், அறிவியலுக்குள் மக்களை அழைத்துவந்த வாசலாக இருந்தது.

செய்யூரிலும் அந்த வாசல் திறந்தது. உருண்டையில் வங்காள விரிகுடாவுக்கு மேல் மழை நிறம் படர்ந்ததைப் பார்த்துப் பையன் கேட்டான்: “இது நம்ம புயல் மழையா மாமா?”

இல்லை. திரையின் மூலையில் இருந்த தேதியைக் காட்டினேன். அவன் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நாள் அது. மாதிரிக்குள் ஓடும் காலம் வேறு. நாளை மழை வருமா என்று அது சொல்லாது. ஒரே பருவத்தைச் சிறு சிறு வேறுபாடுகளோடு ஆயிரக்கணக்கான முறை ஓட்டி, எப்படிப்பட்ட மழை எவ்வளவு அரிது என்று எண்ணத்தான் அது.

அந்த எண்ணிக்கை எதற்கு என்பது மூன்றாண்டில் நம் வாசலுக்கே வந்தது. 2015 டிசம்பர் 1 அன்று பெய்த மழையில், செய்யூருக்கு வடக்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரில் இருக்கும் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. சென்னை மூழ்கியது. புவி வெப்பமாதல்தான் காரணமா? கெர்ட் யான் ஃபான் ஓல்டன்போர்க், ஃபிரடெரிக்கே ஒட்டோ, கார்ஸ்டன் ஹவுஸ்டைன், டெல்லி ஐஐடியின் கிருஷ்ணா அச்சுதராவ் ஆகியோர் ஆராய்ந்து 2016-இல் அமெரிக்க வானிலைச் சங்கத்தின் இதழில் எழுதினார்கள். அவர்கள் கையாண்ட கருவிகளில் ஒன்று, தன்னார்வலர்களின் கணினிகளில் ஓடும் 'வெதர்@ஹோம்'. இன்றைய உலகம் ஒருபுறம், மனிதர் புகை விடாத கற்பனை உலகம் மறுபுறம். இரண்டிலும் அப்படிப்பட்ட மழை எத்தனை முறை வருகிறது என்று எண்ணி ஒப்பிடுவது அதன் முறை. பலர் எதிர்பார்த்ததற்கு மாறான முடிவு கிடைத்தது. அந்த ஒரு நாள் மழையில் புவி வெப்பமாதலின் கை தெரியவில்லை. காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் பசுங்குடில் வாயுக்களின் விளைவை இதுவரை மறைத்துவந்திருக்கலாம் என்பது அவர்கள் கூறிய விளக்கம். உண்மை நம் எண்ணத்துக்கு வளைந்துகொடுக்காது என்பதை அத்தனை வீட்டுக் கணினிகள் சேர்ந்து காட்டின. அந்த நேர்மைக்காகவே அந்த உழைப்பை நான் மதிக்கிறேன்.

அக்காவுக்குச் சொன்ன பதில்

அக்காவின் கேள்வி பாக்கி இருந்தது. அதே நோட்டில் கணக்குப் போட்டோம். அந்த மேசைக் கணினி முழு வேகத்தில் 100 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், பத்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட். 240 மணி நேர வேலைக்கு 24 யூனிட். சும்மா போகவில்லை, ஆனால் இலவசமாகவும் போகவில்லை. அக்கா யோசித்துவிட்டு, இரவில் மட்டும் ஓடட்டும் என்றாள். கொடுப்பவருக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அதன் பிறகு கொடுப்பதுதான் கொடை.

ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசும்போது உருண்டை சுற்றுகிறதா என்று கேட்டேன்.

“நான் ஆஃப் பண்ணி வச்சிட்டேன் மாமா. அதை வரையறதுக்கும் சிபியுதானே செலவாவுது? காலையில எழுந்ததும் நம்பரை நோட்டுல எழுதிக்கிறேன். நேத்து 63, இன்னைக்கு 66.”

திரை மறுபடி கறுப்பாகத்தான் கிடந்தது. இந்த முறை அவனுக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை.